நெடுந்தூரக் குடும்பப் பயணத்தில் மின்சார மகிழுந்து

பெட்ரோல், டீசல் எதுவும் இல்லாமல், மின்கல அடுக்கில் (பேட்டரி) சேமித்த மின்சாரத்தால் மட்டுமே ஓடும் கார் மின்சார மகிழுந்து எனப்படுகிறது. இந்தியாவில் பச்சை நிறப் பதிவெண் பலகையைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். சொந்தப் பயன்பாட்டுக் காரில் எழுத்துகள் வெள்ளையாகவும் வாடகைக் காரில் மஞ்சளாகவும் இருக்கும். அலுவலகம், பள்ளி, கடைத்தெரு என்று நகரத்துக்குள் ஓட்டுவதற்கு இது ஏற்றது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக் காலையில் எடுத்துச் செல்லலாம். தீபாவளிக்குச் சொந்த ஊருக்கோ, கோடை விடுமுறையில் மலைக்கோ, குழந்தைகளும் முதியவர்களும் மூட்டை முடிச்சுகளுமாக ஒரே நாளில் 500, 700 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கடன் வாங்கி ஒரே ஒரு கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அன்று.

இந்தக் கேள்விக்குப் பலரும் விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து விடை தேடுகிறார்கள். அந்த எண் ஓரளவுக்கே உதவும். வழியில் நிற்கும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் என்ன மின்னிணைப்பு கிடைக்கும் என்பதே பயணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மோட்டார் காரின் வரலாற்றில் இது புதிய சிக்கலும் அன்று. 1888 ஆகஸ்டில் செருமனியின் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், அவரிடம் சொல்லாமலேயே தம் இரு மகன்களுடன் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமாக இதுவே கருதப்படுகிறது. அதுவே ஒரு குடும்பப் பயணமாகவும் அமைந்துவிட்டது. அன்று பெட்ரோல் பங்க் எங்கும் கிடையாது. வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்பட்ட லிக்ரோயின் என்னும் திரவத்தை எரிபொருளாக வாங்கி ஊற்றிக்கொண்டார். மேட்டில் ஏற முடியாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

அறிவித்த தூரமும் சாலையில் கிடைக்கும் தூரமும்

மின்கல அடுக்கின் கொள்ளளவு கிலோவாட் மணியில் குறிக்கப்படுகிறது. வீட்டு மின் கட்டணத்தில் 'யூனிட்' என்று வருவதும் இதே அளவுதான். 45 கிலோவாட் மணி என்றால் 45 யூனிட் மின்சாரம். 2020 சனவரியில் வெளிவந்த முதல் டாடா நெக்சான் மின்சாரக் காரில் 30.2 யூனிட் இருந்தது. சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். 2024இல் வந்த அதன் 45 யூனிட் வகைக்கு 489 கிலோமீட்டர். அதே ஆண்டு நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய கார்களில் 59, 79 யூனிட் அடுக்குகள் உள்ளன.

இந்தச் சான்றளிப்புத் தூரம் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டிக் கணக்கிடப்படுவது. ஓட்டத்தின் பெரும்பகுதி நகர வேகத்தில் இருக்கும். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் ஓடாது. ஐந்து பேரும் ஐந்து பெட்டிகளும் இருக்கமாட்டார்கள். ஆகவே 489 என்பது பொய்யன்று. நெடுஞ்சாலைக்கான எண் அன்று, அவ்வளவே. நிறுவனமே இந்தக் காருக்கு உண்மைச் சாலையில் 350 முதல் 370 கிலோமீட்டர் என்றுதான் மதிப்பிடுகிறது. குடும்பத்தோடு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து போனால் யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் அளவில் எதிர்பார்ப்பது பாதுகாப்பானது. அப்படியானால் முழு மின்னேற்றத்தில் 290 கிலோமீட்டர். அறிவித்த தூரத்தில் அறுபது விழுக்காடு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது.

தூரத்தைக் குறைப்பதில் முதலிடம் வேகத்துக்கு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்பது பள்ளி இயற்பியல். 90இலிருந்து 110க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. காற்றுத்தடையோ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே விதிதான். ஆனால் அங்கே ஐந்து நிமிடத்தில் தொட்டியை நிரப்பிவிடலாம் என்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கூரைமேல் பெட்டிகளைக் கட்டுவதும் இதே வகையில் தீங்கு செய்யும்.

குளிர்சாதனத்தைப் பற்றிய அச்சம் மிகைப்பட்டது. வெயில் நாளில் அது மணிக்கு 1 முதல் 1.5 யூனிட் வரை எடுக்கலாம். அதே ஒரு மணி நேரத்தில் 70 கிலோமீட்டர் ஓடக் காருக்கு ஏறத்தாழ 11 யூனிட் தேவை. பின் இருக்கையில் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் வியர்க்க விட்டு மிச்சம் பிடிப்பதைவிட, வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைப்பது அதிகப் பலன் தரும்.

மின்னேற்றும் வேகம்

வீட்டில் ஏசிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் இருக்கும் 15 அல்லது 16 ஆம்பியர் ஸாக்கெட்டில் காரைச் செருகினால் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். சுவரில் தனியாகப் பொருத்தும் 7.2 கிலோவாட் பெட்டியில் இதைவிட இருமடங்குக்கு மேல். இவை இரண்டும் மாறுதிசை மின்னோட்டம் தருபவை. காருக்குள் இருக்கும் மாற்றி அதை நேர்திசை மின்னோட்டமாக்குகிறது. நெடுஞ்சாலையில் இருக்கும் வேக மின்னேற்றிகள் நேர்திசை மின்னோட்டத்தையே நேராக மின்கல அடுக்குக்கு அனுப்புகின்றன. 30, 60, 120 கிலோவாட் எனப் பல திறன்களில் அவை உள்ளன. இன்று இந்தியாவில் விற்கும் பெரும்பாலான மின்சாரக் கார்கள் இதற்கு 'சிசிஎஸ் 2' என்ற ஒரே வகைச் செருகியைப் பயன்படுத்துவதால் எந்த நிறுவனத்தின் காரையும் எந்த நிலையத்திலும் செருக முடிகிறது.

பெரிய மின்னேற்றியில் செருகினால் எல்லாக் காரும் வேகமாக ஏறும் என்று எண்ணக் கூடாது. கார் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதே எல்லை. 60 கிலோவாட் வரைதான் வாங்கும் காரை 120 கிலோவாட் மின்னேற்றியில் செருகினாலும் 60தான். ஒரே கருவியில் இரண்டு குழாய்கள் இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால், பல இடங்களில் திறன் இரண்டாகப் பிரிந்துவிடும். நாற்பது நிமிடக் கணக்கு அப்போது எண்பதாகும்.

இன்னொன்று, மின்கலம் நிரம்ப நிரம்ப ஏறும் வேகம் குறையும். காலிப் பேருந்தில் முதல் முப்பது பேர் சட்டென்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்; கடைசிப் பத்துப் பேர் இடம் தேடித் தடுமாறுவார்கள். மின்கலத்துக்குள் நுழையும் லித்தியம் அயனிகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அதனால்தான் நிறுவனங்கள் '10 முதல் 80 விழுக்காடு வரை' என்றே நேரம் சொல்கின்றன. வழியில் 80ஐத் தாண்டி 100க்குக் காத்திருப்பது நேரத்தை வீணாக்குவதோடு, பின்னால் நிற்பவரின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை: ஒரு கணக்கு

தமிழ்நாட்டின் நீளமான குடும்பப் பயணங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கார் 45 யூனிட் கொண்டது, யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர். வீட்டில் இரவே 100 விழுக்காடு ஏற்றியாயிற்று. அதிகாலையில் புறப்பாடு.

முதல் நிறுத்தம் காலைச் சிற்றுண்டிக்கு, ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உளுந்தூர்பேட்டைப் பக்கம். செலவு 31 யூனிட். மீதி 32 விழுக்காடு. 80 வரை ஏற்ற 35 நிமிடம் ஆகலாம். ஐந்து பேர் இறங்கி, கைகால் கழுவி, இட்லி வந்து, காப்பி குடித்து முடிக்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும். இரண்டாவது நிறுத்தம் மதிய உணவுக்கு, திருச்சியைத் தாண்டி விராலிமலை அருகே. இடையில் 160 கிலோமீட்டர் ஓடி 25 விழுக்காடு மிச்சம் இருக்கும். இங்கே 85 வரை ஏற்ற முக்கால் மணி நேரம். மூன்றாவது, மதுரையைத் தாண்டி மேலும் 100 கிலோமீட்டரில் கோவில்பட்டி. மிச்சம் 17 விழுக்காடு. தேநீர் குடித்து, ஊருக்குக் கடலைமிட்டாய் வாங்கி முடிப்பதற்குள் 70 விழுக்காடு ஏறிவிடும். 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய 140 கிலோமீட்டரை ஓடிக் கன்னியாகுமரியில் இறங்கும்போது 22 விழுக்காடு கையில் இருக்கும்.

மின்னேற்றத்துக்கு ஆன மொத்த நேரம் இரண்டு மணி. பெட்ரோல் காரில் போனாலும் குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரம் எங்கேனும் நிற்கத்தான் வேண்டும். ஆகவே கூடுதல் இழப்பு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. தனியாக, நிற்காமல் விரட்டிப் போகும் ஓட்டுநருக்குத்தான் மின்சாரக் கார் தொல்லை. சிறுநீருக்கும் பசிக்கும் நிற்கும் குடும்பத்துக்கு அது அவ்வளவு இடையூறு செய்வதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். 30 யூனிட் காரில் இதே பயணம் ஐந்து நிறுத்தங்களாவது கேட்கும். அது வேறு கதை.

செலவைப் பார்த்தால், வீட்டில் ஏற்றியதற்கு யூனிட் 8 ரூபாய் வீதம், மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து 400 ரூபாய். வழியில் ஏற்றிய 72 யூனிட்டுக்கு, 18 விழுக்காடு சரக்கு சேவை வரியையும் சேர்த்து யூனிட் 22 ரூபாய் என்று கொண்டால் 1,600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆக 2,000 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் விலையில் 4,670 ரூபாய். மிச்சம் உண்டு. ஆனால் வீட்டு மின்சாரத்தில் நகருக்குள் ஓட்டும்போது கிடைக்கும் விகிதத்தில் அது இல்லை. நெடுந்தூரத்துக்காக மட்டுமே மின்சாரக் கார் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

நிலையம் இருப்பதும் இயங்குவதும்

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: நிற்கும் இடத்தில் மின்னேற்றி இயங்கும், காலியாகவும் இருக்கும். 2018 திசம்பரில் நடுவண் மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'பிரதம மந்திரி இ-டிரைவ்' திட்டத்தில் மின்னேற்று நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. முதன்மை நெடுஞ்சாலைகளில் நிலையங்கள் பெருகிவருவது கண்கூடு.

ஆனால் செயலியின் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிவதும், அங்கே போய் நிற்கும்போது மின்சாரம் வருவதும் ஒன்றல்ல. கருவி பழுதாக இருக்கலாம், மின்வெட்டாக இருக்கலாம், இணையத் தொடர்பு அறுந்து பணம் செலுத்த முடியாமல் போகலாம், உணவகத்துக்கு வந்த டீசல் கார் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம் என்ற நிலையும் முதியவர்களுக்கு எரிச்சலூட்டுவது. எனவே ஒரு நிலையத்தை நம்பிப் போகாமல், அங்கே கிடைக்காவிட்டால் அடுத்த நிலையம் வரை போகும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்படி நிறுத்தங்களைத் திட்டமிட வேண்டும். கணக்கில் 17 விழுக்காட்டுக்குக் கீழே எங்கும் இறங்காததற்கு இதுவே காரணம். 17 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் அது போதும். கிளைச் சாலைகளிலும் கடற்கரையோரச் சிற்றூர்களிலும் போதாது; அங்கே 30 விழுக்காடாவது வைத்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின நாள் தனி வகை. போகிக்கு முன்னிரவு பெருங்களத்தூரிலிருந்து பரனூர்ச் சுங்கச்சாவடி வரை வண்டிகள் ஊர்வதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. நெரிசல் மின்சாரக் காரைப் பெரிதாகப் பாதிக்காது. நிற்கும்போது மோட்டார் எதுவும் எடுப்பதில்லை, குளிர்சாதனம் மட்டுமே எடுக்கும். இரண்டு மணி நேரம் சிக்கினாலும் இரண்டு மூன்று யூனிட்தான் போகும். துன்பம் மின்னேற்றியின் முன் நிற்கும் வரிசையில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் முன்னால் மூன்று கார் நின்றால் கால் மணி நேரம்; இங்கே அதே மூன்று கார் என்றால் இரண்டு மணி நேரம். உலகிலேயே மிக அதிக மின்சாரக் கார்கள் ஓடும் சீனாவில், 2021 அக்டோபர் தேசிய நாள் விடுமுறையின்போது சில நெடுஞ்சாலை மையங்களில் நான்கு மணி நேரம் வரை காத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. கார்கள் கூடும் வேகத்துக்கு மின்னேற்றிகள் கூடாவிட்டால் இங்கும் அதுதான் நடக்கும். ஆண்டில் அந்த நான்கைந்து நாள்களுக்கு மட்டும் இரயிலில் போவதோ, ஒரு நாள் முன்பின்னாகப் புறப்படுவதோ அறிவுடைமை. அப்படி மாற்றிக்கொள்ள முடியாத, ஒரே கார் உள்ள குடும்பம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருப்பதில் தவறில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில்

சேர்ந்த இடத்தில் இரவு முழுதும் செருகி வைக்க ஒரு ஸாக்கெட் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மணிக்கு 3 யூனிட் வீதம் பத்து மணி நேரத்தில் 30 யூனிட், அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். தங்கும் விடுதியில் அறை பதிவு செய்யும்போதே வாகனம் நிறுத்துமிடத்தில் 16 ஆம்பியர் இணைப்பு உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்த ஊரின் பழைய வீடுகளில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. செருகியவுடன் கார் மின்னேற்ற மறுக்கும். கார் பழுது என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இல்லாததே. எர்த் கம்பி அறுந்திருக்கும். அல்லது மண் காய்ந்து, குழி பயனற்றுப் போயிருக்கும். கார் தன் பாதுகாப்புச் சோதனையில் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடுகிறது. சிலர் எர்த் இருப்பதுபோல் காட்டும் குறுக்கு இணைப்பைச் செய்து தருகிறார்கள். இது உயிருக்கு ஆபத்து. கசிவு ஏற்பட்டால் காரின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் பாயலாம். முற்றத்தில் விளையாடும் குழந்தை அதைத் தொடலாம். மின்பணியாளரை அழைத்துப் புதிய எர்த் குழி போடச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அது காருக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் நல்லது. மெல்லிய நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியே இழுத்து இரவெல்லாம் மின்னேற்றுவதும் கூடாது. அயர்ன் பெட்டி பத்து நிமிடம் எடுக்கும் மின்னோட்டத்தைவிட அதிகமானதைக் கார் பத்து மணி நேரம் எடுக்கிறது. கம்பி சூடேறி உருகும்.

மலைச்சாலை

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஏற்றம் 1,900 மீட்டர் அளவு. ஆள்களும் சுமையும் சேர்ந்து 1,900 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பெறலாம். விடை ஏறத்தாழ 10 யூனிட். மோட்டாரில் வீணாவது, சாலை உராய்வு எல்லாம் சேர்த்தால் 16 யூனிட். அதாவது சமவெளியில் 100 கிலோமீட்டர் ஓடும் மின்சாரம் இந்த 50 கிலோமீட்டரில் போய்விடும். எனவே மலையேறும் முன் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ ஏற்றிக்கொள்வது அவசியம்.

இறங்கும்போது காட்சி மாறுகிறது. மோட்டாரே மின்னாக்கியாகச் செயல்பட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தியபடியே மின்கலத்தில் மின்சாரத்தைத் திருப்பிச் சேர்க்கிறது. தூக்கிய ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பக்கூடும். உதகையில் கண்ட விழுக்காட்டோடு ஏறக்குறைய அப்படியே மேட்டுப்பாளையம் வந்து சேரலாம். பிரேக் கட்டைகள் சூடேறுவதும் குறைவு. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மலைமேல் விடுதியில் ஸாக்கெட் இருக்கிறதே என்று 100 விழுக்காடு ஏற்றிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க மின்கலத்தில் இடம் இருக்காது. மோட்டாரின் தடுப்பு வலுவிழந்து, கொண்டை ஊசி வளைவுகளில் கால் பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். உதகையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்குவோர் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் புறப்படுவது பாதுகாப்பானது.